ஒரு ரவுண்டு கோல்ஃபும் 99 வருடக் குத்தகையும்

ஊட்டியில் ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆடத் திட்டமிடுபவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சீசனில் போகாதீர்கள், கூட்டம். இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். காலை ஏழு மணிக்கே டீ டைம் வாங்கிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பனி இறங்கினால் பந்து தெரியாது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருக்கும், அதனால் பந்து கூடுதல் தூரம் போகும். காலர் வைத்த டி-ஷர்ட் கட்டாயம், ஜீன்ஸ் கூடாது. உறுப்பினர் யாரையாவது தெரிந்தால் கட்டணம் குறையும். கேடிக்குத் தனியாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பயனுள்ள தகவல்தான். ஆனால் இந்தப் பட்டியல்களில் மூன்று கேள்விகளை மட்டும் பார்க்கவே முடியாது. இந்தப் புல்வெளி யாருடைய நிலம்? அந்தப் பையைத் தூக்குவது யார்? உள்ளே விடலாமா கூடாதா என்று கதவருகே நின்று முடிவு செய்வது யார்?

தோழர்களே, இந்த மூன்றையும் கேட்காமல் மலையின் அழகைப் பற்றிப் பேசுவது அரசியல் அற்ற பேச்சு அல்ல. அதுவும் அரசியல்தான், எதிர்த்தரப்பின் அரசியல்.

நிலத்திலிருந்து தொடங்குவோம்.

உதகமண்டலம் என்ற பெயரிலேயே ஒரு 'மந்து' இருக்கிறது. மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. இன்று ஊட்டி கோல்ஃப் மைதானம் இருக்கும் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் மேய்ந்தவை தோடர்களின் எருமைகள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்று எல்லா வரலாற்றுப் புத்தகங்களும் பெருமையோடு எழுதுகின்றன. அதை விற்பனை என்று சொல்வதற்கு வாய் கூச வேண்டும். பிறகு அந்தப் புல்வெளிக்கு வென்லாக் என்ற ஆளுநரின் பெயர் வைத்தார்கள். வேட்டை நாய்களோடு குதிரையில் ஓடினார்கள், கோல்ஃப் ஆடினார்கள். 1947-ல் துரைமார் போனார்கள். மைதானம் போகவில்லை, ஆடுகிறவர்கள் மட்டும் மாறினார்கள். கொடைக்கானலில் 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப்பின் கதையும் இதற்கு அண்ணன் தம்பிதான்.

ஊட்டி மைதானம் ஏறத்தாழ 190 ஏக்கர். அதைச் சென்ட் கணக்கில் பார்த்தால் 19,000 சென்ட். நம் சேரிகளுக்கு இலவச வீட்டுமனைப் பட்டா கொடுக்கும்போது அரசு எவ்வளவு கொடுக்கிறது? கிராமத்தில் மூன்று சென்ட், நகரத்தில் அதுவும் இல்லை. அந்த மூன்று சென்டுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை வருடம் நடக்கிறோம் என்பதை உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். மூன்று மூன்று சென்டாகப் பிரித்தால் 190 ஏக்கரில் 6,333 குடும்பங்களுக்கு மனை வரும். ஒரே நேரத்தில் சில டஜன் பேர் மட்டும் பந்து தட்டும் இடம் அது.

புல்வெளியை உடைத்து வீடு கட்டச் சொல்லவில்லை. நீலகிரியில் 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். சரிவில் மண்ணை வெட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத்தான் முதலில் தெரியும், ஏனென்றால் சரிவில் குடியிருப்பது நாம்தான். சமதளத்தை விளையாட்டுக்கு வைத்துவிட்டுச் சரிவை உழைப்பவர்களுக்கு ஒதுக்கியதுதான் மலை நகரங்களின் திட்டமிடல். யாருக்கு ஏக்கரில் அளக்கிறார்கள், யாருக்குச் சென்டில் அளக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 32 சதவீதம், அதாவது மூன்றில் ஒருவர். நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி, கூடலூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. ஓட்டில் நாம் இருக்கிறோம். நிலத்தில் எங்கே இருக்கிறோம்?

2024-ம் ஆண்டை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நான்கு மாத இடைவெளிக்குள் மூன்று குத்தகைகள் செய்தியில் அடிபட்டன.

முதலாவது மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் பாம்பே பர்மா டிரேடிங் கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், விருப்ப ஓய்வில் போகச் சொல்லித் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பெரும்பாலோர் தலித்துகள். நான்கு தலைமுறையாக அந்தக் காட்டைத் தேயிலையாக்கியவர்கள். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 பேரைப் பறிகொடுத்தவர்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு தொகையும், வீட்டைக் காலி செய் என்ற நோட்டீஸும். தோட்டத்தை டேன்டீ ஏற்று நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதே காக்காச்சியில், துரைமார் காலத்துக் கோல்ஃப் புல்வெளி ஒன்று உண்டு. மாஞ்சோலைக்குச் சுற்றுலா போனவர்கள் பலர் அதன் முன் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தின் பின்னணியில் எங்கோ ஒரு லயன் வீடு இருந்தது. அதில் ஆள் இருந்தார்கள்.

இரண்டாவது, ஊட்டி குதிரைப் பந்தய மைதானம். 52.34 ஏக்கர். மெட்ராஸ் ரேஸ் கிளப் வைத்திருந்த குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி 2024 ஜூலை 5 அன்று அரசு மீட்டது.

மூன்றாவது, கிண்டி. 160.86 ஏக்கர். 1945-லிருந்து 99 வருடக் குத்தகை. வருட வாடகை 614 ரூபாய் 13 காசு. அச்சுப் பிழை இல்லை. மாதத்துக்கு 51 ரூபாய் சொச்சம். சென்னையில் ஒரு கட்டில் போடும் இடத்துக்கு நம் பிள்ளைகள் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த மைதானத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. பாக்கி 730 கோடிக்கு மேல் என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது.

99 வருடம் என்ற ஒரே எண். ஒரு பக்கம் காலாவதி ஆவதற்கு நான்கு வருடம் முன்பே வீட்டை விட்டு இறங்கச் சொல்லப்பட்டவர்கள். இன்னொரு பக்கம் பல ஆண்டுகள் பாக்கி வைத்தும், வழக்குக்கு மேல் வழக்கு நடத்தியும் பந்தயமும் கோல்ஃபும் ஆடிக்கொண்டிருந்தவர்கள். மாஞ்சோலைத் தொழிலாளி இழந்தது வீடு, வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், தாத்தாவின் கல்லறை. கிளப் உறுப்பினர் இழந்தது ஞாயிற்றுக்கிழமை.

அரசு மீட்டது நல்ல காரியம்தானே என்று கேட்கலாம். நல்ல காரியம். ஆனால் மீட்ட நிலத்தை என்ன செய்வது என்று பேசியபோது சூழல் பூங்கா, குளம் என்று பேசினார்கள். நகரத்துக்குப் பூங்கா தேவை, குளமும் தேவை, மறுக்கவில்லை. ஆனால் நிலமில்லாதவர் என்ற சொல் அந்த உரையாடலில் ஒருமுறைகூட ஏன் வரவில்லை? அரசு நிலத்தைக் குறைந்த வாடகைக்கு அனுபவித்தவர்களிடமிருந்து வரவேண்டிய நூற்றுக்கணக்கான கோடிகளில் ஒரு பங்கைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு நிலம் வாங்கித் தர ஒதுக்கலாம் என்று ஒரு கட்சிகூட ஏன் சொல்லவில்லை?

இதற்கு எதிரில் பஞ்சமி நிலத்தை வைத்துப் பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கை, 1892-ல் வந்த அரசாணை, அதன் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 12 லட்சம் ஏக்கர். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறி கைமாறிய நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரைக் கொடுத்தார்கள். கிளப்புக்கு நிபந்தனை மீறினால் நோட்டீஸ், வாய்தா, மேல்முறையீடு. நம் நிலத்தின் நிபந்தனையை மற்றவர்கள் மீறியதைச் சொன்னால் நமக்குத் தோட்டா.

இனி பையைத் தூக்குகிறவர்.

தமிழில் கேடி என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். போலீஸ் பதிவேட்டில் பெயர் உள்ளவன். கோல்ஃப் மைதானத்திலும் ஒரு கேடி இருக்கிறார். வேறு ஆங்கிலச் சொல், வேறு பொருள். ஆனால் தமிழ்க் காதில் இரண்டும் ஒன்றாக விழுகின்றன. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பட்டியலிலும் பெரும்பாலும் ஒரே தெருக்களின் பிள்ளைகள்தான் இடம்பெறுகிறார்கள்.

ஒரு ரவுண்டு என்றால் 18 குழி, நான்கு மணி நேரத்துக்கு மேல், ஏற்ற இறக்கமாக ஆறேழு கிலோமீட்டர் நடை. பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த மட்டையை எடுக்க வேண்டும் என்று சொல்வது கேடி. புதருக்குள் போன பந்தைத் தேடுவதும் அவரே. இவ்வளவு நுட்பமான அறிவுக்குப் பெயர் 'உதவி'. சம்பளம் இல்லை, கட்டணமும் டிப்ஸும். மழை பெய்தால் வருமானம் இல்லை. பந்து தலையில் பட்டால் ஆடியவரின் மனசைப் பொறுத்தது வைத்தியம். கிளப் கேட்டால், அவர் எங்கள் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவர் என்று சொல்லும். ஆனால் எந்தச் சட்டை போட வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எப்போது வரவேண்டும் என்பதைக் கிளப்தான் தீர்மானிக்கும். இப்படி ஒரு சுயதொழிலை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

விளையாட்டில் சாதி ஏது, நிறம் ஏது என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாப்வா சீவ்கோலம் என்று ஒரு கேடி இருந்தார். இந்திய வம்சாவளி. மட்டையைத் தலைகீழ்ப் பிடியாகப் பிடித்து ஆடி, 1959-ல் டச்சு ஓபனை வென்றார். 1963-ல் நட்டால் ஓபனை வென்றபோது வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வென்றவருக்கு உள்ளே அனுமதி இல்லை. கொட்டும் மழையில் வெளியே நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. அமெரிக்காவில் தொழில்முறை கோல்ஃப் சங்கம் வெள்ளையர் மட்டுமே என்ற விதியை 1961-ல்தான் நீக்கியது. அகஸ்டா மைதானத்தில் 1982 வரை மாஸ்டர்ஸ் போட்டியில் பை தூக்கிய கேடிகள் எல்லோரும் கறுப்பர்கள். அந்தக் கிளப்பின் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990-ல். பை தூக்க நிறம் தடையில்லை, சோபாவில் உட்காரத்தான் தடை. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? நம் ஊரில் பறையடிக்கக் கோயில் வாசல் வரை கூப்பிட்டுவிட்டு, உள்ளே வராதே என்று சொல்வதும் இதே இலக்கணம்தான்.

இந்தியாவிலும் கேடிகள் மட்டையைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது? டெல்லியில் கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபனை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். வாய்ப்பு என்ற கதவு ஒரு விரற்கடை திறந்ததற்கே இவ்வளவு. முழுக்கத் திறந்திருந்தால்?

கதவைப் பற்றியும் பேச வேண்டும். 2014 ஜூலையில், சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. சில வாரங்களில் சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டது. இனி எந்தக் கிளப்பும் வேட்டியைத் தடுக்க முடியாது. சரியான சட்டம். ஆனால் கவனியுங்கள்: வேட்டிக்கு அவமானம் என்றால் ஒரே மாதத்தில் சட்டம் வருகிறது. வேட்டி கட்டிய ஆளின் சாதிக்கு அவமானம் என்றால், அது தனியார் கிளப்பின் உறுப்பினர் விவகாரம் ஆகிவிடுகிறது.

அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், பொதுக் கேளிக்கை இடங்கள், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்கள் எதிலும் சாதியின் பேரில் தடுக்கக் கூடாது என்கிறது. உறுப்பினருக்கு மட்டும் என்ற பலகை அந்தப் பிரிவின் பக்கத்தில் போட்ட பொந்து. ஏற்கனவே உள்ள உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும், வழிமொழிய வேண்டும், குழு ஏற்க வேண்டும். இதில் எங்கும் சாதி என்ற சொல் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய அவசியம் என்ன? யாருக்கு யாரைத் தெரியும் என்பதே இந்த நாட்டில் சாதிதானே. அரசு நிலம் குத்தகைக்கு விடப்பட்ட இடத்தில், சந்தை விலைக்கும் வாடகைக்கும் இடையிலான வித்தியாசம் மக்கள் பணம். மக்கள் பணத்தில் நடக்கும் இடம் தனியார் இடம் ஆக முடியாது. சட்டக் கல்லூரித் தோழர்கள் எடுத்து வாதாட வேண்டிய கேள்வி இது.

சிலர் நம் பக்கத்திலிருந்தே இன்னொரு வாதம் வைக்கிறார்கள். நம் ஆட்களும் படித்து, சம்பாதித்து, கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர் ஆகட்டும், அதுதான் பழிவாங்கல் என்று. ஆகட்டும். வெள்ளைச் சட்டை போட்டு, தலைநிமிர்ந்து, முதல் பந்தைத் தட்டட்டும். அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டதில் இருந்த அரசியலை மறந்தவர்கள் இல்லை நாம். ஆனால் அதே அம்பேத்கர்தான் 1947-ல் அரசுகளும் சிறுபான்மையினரும் என்ற ஆவணத்தில், விளைநிலம் அரசுடைமை ஆக வேண்டும் என்று எழுதினார். ஒருவர் உள்ளே போவதும், நிலத்தின் கணக்கு மாறுவதும் ஒன்றல்ல. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காவிட்டால், பை தூக்குபவரும் நம் ஆள், பையின் சொந்தக்காரரும் நம் ஆள் என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

பசுமையைக் காப்பாற்றுவது கோல்ஃப்தான் என்று சொல்பவர்களுக்கு ஒரு வரி. ஒரே உயரத்தில் வெட்டப்பட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்கப்படும் புல் தரையும், சோலைக்காட்டோடு சேர்ந்து மழையைப் பிடித்து வைக்கும் இயற்கைப் புல்வெளியும் ஒன்றல்ல. காடு காக்க மாஞ்சோலைத் தொழிலாளி இறங்க வேண்டும் என்றால், அதே அளவுகோல் எல்லா மலைகளுக்கும், எல்லாக் கிளப்புகளுக்கும் பொருந்த வேண்டும்.

இந்த மலை நமக்கு அந்நியம் இல்லை என்பதையும் இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் வாழ்ந்த மலை இது. இரட்டைமலை சீனிவாசன் இளமையில் கணக்கு எழுதிய மலை இது. 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அயோத்திதாசர் நீலகிரியில்தான் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள். கல்வி கேட்டார்கள், வேலை கேட்டார்கள், உள்ளாட்சியில் இடம் கேட்டார்கள், சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்பவர்களுக்குத் தண்டனை கேட்டார்கள். துரைமார் குதிரைப் பந்தயமும் வேட்டையுமாக இருந்த அதே காலத்தில் நம் முன்னோர் அரசியல் நடத்திக்கொண்டிருந்தார்கள். பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லர். திருக்குறள் ஓலைச்சுவடி அவர் கையிலிருந்துதான் துரையின் வழியாக எல்லிஸிடம் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். எடுபிடி என்று நீங்கள் நினைத்தவர் எதைத் தூக்கி வந்தார் என்று பாருங்கள்.

அதனால் நாமும் ஒரு ரவுண்டு திட்டமிடுவோம். இதற்கு டீ டைம் வேண்டாம். பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். நீலகிரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கிளப் பதில் சொல்லாமல் போகலாம், ஆனால் குத்தகைப் பத்திரத்தின் ஒரு பிரதி அரசிடம் இருந்தே ஆக வேண்டும்.

மைதானத்தின் சர்வே எண் என்ன, வகைப்பாடு என்ன? வருவாய் நிலமா, வன நிலமா, பட்டா நிலமா? அரசு நிலம் என்றால் குத்தகை எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, வருட வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு? குத்தகை நிபந்தனைகளில் பொதுமக்கள் நுழைவு பற்றி என்ன இருக்கிறது? அதே வட்டத்தில் வீட்டுமனை கேட்டு நிலுவையில் உள்ள பட்டியல் சாதி, பழங்குடி மனுக்கள் எத்தனை? கடைசிக் கேள்வியை முதல் கேள்வியோடு ஒரே தாளில் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒரே தாளில் வரட்டும்.

அடுத்து, கேடிகளோடு பேசுங்கள். அவர்களுக்காகப் பேசுவதற்கு முன் அவர்களோடு பேசுங்கள். 1982-ன் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் எத்தனையோ தொழில்களுக்கு நல வாரியம் இருக்கிறது. மட்டைப் பை தூக்குவது உடலுழைப்பு இல்லையா? அடையாள அட்டை, விபத்துக் காப்பீடு, குறைந்தபட்சக் கட்டணம், ஓய்வூதியம் என்ற நான்கும் ஒரு அரசாணை தூரத்தில்தான் இருக்கின்றன.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வந்தால் நகல் எடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள், மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்களுக்கும் சேர்த்து. அவர்கள் அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கட்டும், 99 வருடம் என்ற சொல்லுக்கு மற்றவர்கள் விஷயத்தில் என்ன அர்த்தம் என்று.

ஜெய் பீம்.